நிலத்தைக் குறைத்து எழுதச் சொன்னவர்கள்

என் செல்விக்கு,

போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் உன் சித்தி வீட்டில் நீ பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டாய், அதற்குள் அப்பாவின் கடிதம் வந்துவிட்டதா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போன செவ்வாய்க்கிழமை ரங்கத் ஜெட்டியில் படகு கிளம்பும் நேரத்தில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா, அந்தத் தீவுல போய் எறங்கினதும் நான் மொதல்ல என்ன செய்யணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றாய். இருபது வருடத்துக்கு மேல் நிலம் அளக்கிற சங்கிலியும் வரைபடமுமாக இந்தக் காடெல்லாம் சுற்றியவன் நான். நான் வாயைத் திறப்பதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். "உடம்பப் பாத்துக்கோ" என்று கத்தினேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ கையை ஆட்டிக்கொண்டே போய்விட்டாய். பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகும். உன்னைத் தீவுக்குக் கூட்டிப்போகக் கப்பல் வர இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது, பொறுமையாகப் படி.

தெற்கே புதிதாகக் குடியேற்றம் நடக்கிற தீவில் எந்தெந்தக் குடும்பத்துக்கு சர்க்கார் உதவி போக வேண்டும் என்று பட்டியல் எடுக்கும் வேலை உனக்குக் கிடைத்திருக்கிறது. இந்த வேலைக்கு உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தந்தி வந்த அன்று நான் பஜாரில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். உன் அம்மா அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். என் மகள் என்னைவிட நல்ல பட்டியல் எடுப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீ கூட எடுத்துக்கொண்டு போகிற கதை ஒன்று இருக்கிறது பார், அதுதான் என்னை உறுத்துகிறது. பூல்மணி நிலம் வாங்கிய கதை. சின்ன வயதிலிருந்து சாப்பிடும்போதெல்லாம் என் வாயால் நூறு தடவை கேட்டிருப்பாய். அதில் உன் அப்பா பெரிய ஆள். பெரிய அதிகாரிக்கு எதிரே எழுந்து நின்று, சட்டைக்குள்ளிருந்து வரைபடத்தை உருவி மேஜையில் விரித்து, நியாயத்தைப் பேசிவிட்டு உட்காருகிற ஆள். செல்வி, அந்தக் கதையில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நான் சொன்னதில்லை.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். அப்போது உனக்கு ஆறு வயது. நம் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் வரும் அந்தப் பள்ளத்தாக்கில் பன்னிரண்டு குடும்பங்களைக் குடியேற்றினோம். பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள், இரண்டு மலையாளிக் குடும்பம், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து அந்தோணி, சவரியம்மா தம்பதி. நீளவாக்கில் கிடந்த பூமி. இந்தக் கோடியில் கிணறும் பாதையும், அந்தக் கோடியில் காடு. நடுவில் பன்னிரண்டு மனை, பட்டை பட்டையாக, ஒன்றுக்கு ஒன்று சரிசமம். அதை அளந்து முளைக்குச்சி அடித்தது நான். படாக் மரக்கிளையின் நிழலில் மேஜை போட்டு உட்கார்ந்து பெயரைக் கூப்பிட்டு மனையைக் காட்டிக் கொடுத்ததும் நான். ஒரு கைக்கு அதிகம், ஒரு கைக்குக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் சமத்துவத்தில் எனக்கு அப்படி ஒரு கர்வம்.

என் மேஜையில் இன்னொரு வழக்கமும் வைத்திருந்தேன். மற்ற பாபுக்களிடம், அதாவது சர்க்கார் குமாஸ்தாக்களிடம், போனால் வெயிலில் நிற்க வைப்பார்கள், நாயே பேயே என்பார்கள். நான் எதிரே ஒரு முக்காலி போட்டிருப்பேன். யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்வேன், குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பேன், அப்புறம்தான் பேச்சு. என் அப்பா சொல்லிக் கொடுத்த பழக்கம். அதை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மனை காட்டிக் கொடுத்த அன்று மத்தியானம் அந்த முக்காலியில் பூல்மணி வந்து உட்கார்ந்தாள். ராஞ்சிப் பக்கத்திலிருந்து காடு வெட்டக் கூட்டி வந்த கூலிக்காரர்களில் ஒருத்தி. அவள் புருஷன் புத்துவை உனக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தாக்கை மனையாக்குவதற்கு மரம் வெட்டியவர்களில் அவனும் ஒருவன். ஒரு மரம் எதிர்பாராத பக்கம் சாய்ந்து அவன் இடது காலை வாங்கிவிட்டது. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது மரம் வெட்டும் குத்தகைக்காரர் கூலிப் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்திருந்தார். காலில்லாதவன் மரம் வெட்ட மாட்டான், ஆகவே அவன் மஸ்தூர், அதாவது கூலி, இல்லை. அகதியாக வந்தவனும் இல்லை, ஆகவே அவன் செட்லரும் இல்லை. புருஷன் உயிரோடு இருப்பதால் அவள் விதவையும் இல்லை. ஊருக்குத் திரும்பலாம் என்றால் ஊரில் இருந்த துண்டு நிலம் போய்த்தான் இங்கே வந்தார்கள்.

"பாபு, ஹமாரா நாம்?" என்று கேட்டாள். எங்க பேரு இருக்கா என்று. நான் தண்ணீர் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு மிக மென்மையாக, "தும்ஹாரா நாம் லிஸ்ட் மே நஹீ ஹை, பஹன்" என்றேன். உங்க பேரு லிஸ்டுல இல்லம்மா. அவள் நம்பவில்லையோ என்று பட்டியலையே அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு! அவள் அந்தக் காகிதத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள், டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள், எழுந்து போனாள். ஒரு கெட்ட வார்த்தை பேசாமல், ஒருத்தி மனம் நோகாமல் அனுப்பிவிட்டோம் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. தன் முறைக்காகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த சவரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாராட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வேறு வேறு இடங்களுக்கு அளக்கப் போய்விட்டேன். இரண்டு வருடம் கழித்து, நிரந்தரக் காகிதம் கொடுப்பதற்கு முன் மறு அளவை எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. காட்டு எல்லையையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டியிருந்ததால் கிணற்றுப் பக்கம் போகாமல் காட்டுக் கோடியிலிருந்து ஆரம்பித்தேன். பன்னிரண்டாம் மனை சங்கிலியில் ஏழு கண்ணி குறைந்தது. அதாவது சுமார் இரண்டு எட்டு வைக்கிற தூரம். சரி, மழையில் முளை சாய்ந்திருக்கும் என்று நினைத்தேன். பதினொன்றாவதும் ஏழு கண்ணி குறைவு. பத்தாவதும் ஏழு. இதெல்லாம் உனக்குப் புரியும், நீ என் மகள். சங்கிலி இழுபட்டு நீண்டுவிட்டால் அளக்கிற எல்லாமே ஒரே மாதிரி குறைவாகக் காட்டும். சங்கிலி பழசாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். சங்கிலி பிடிக்கிறவரைத் திட்டினேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து ஆபீஸ் அளவுகோலை வைத்துக் கண்ணி கண்ணியாகச் சரிபார்த்தேன். அட்டை காலில் ஏறுகிறது, நான் பாட்டுக்கு இரும்பை முறைத்துக்கொண்டிருக்கிறேன். சங்கிலி சரியாகத்தான் இருந்தது. வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த ஹரிபதோ, பெரிய மீசை வைத்திருப்பாரே, அந்த வங்காளிப் பெரியவர், அவர் மரியாதையாக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

ஒன்பது, எட்டு, ஏழு என்று அளந்துகொண்டே வந்தேன். எல்லாவற்றிலும் அதே ஏழு கண்ணி. கடைசியில் அந்தோணியின் முதல் மனையும் முடிந்து கிணற்றுக்கு வந்தால், கிணற்றுக்கும் அவன் முளைக்குச்சிக்கும் நடுவில் என் வரைபடத்தில் இல்லாத ஒரு பட்டை நிலம். அதில் ஒரு குடிசை, பாகற்கொடி, நாலு வாழை. வாசலில் புத்து உட்கார்ந்து பிரம்பு கிழித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மனையிலும் காணாமல் போன கண்ணியெல்லாம் சேர்ந்து அங்கேதான் இருந்தது.

செல்வி, ஒவ்வொரு குடும்பமும் ஏழு கண்ணி விட்டுக்கொடுத்து, முளைக்குச்சிகளை வரிசையாகக் காட்டுப் பக்கம் தள்ளி அடித்திருந்தார்கள். அதிலும் யோசனை பார். காலில்லாதவனுக்குக் காட்டோரத்தில் இடம் ஒதுக்கி, இந்தா வைத்துக்கொள் என்று சொல்லவில்லை. அதுதான் சுலபம். கோடியில் இருந்த ஒருவர் மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும். கிணற்றடியில், பாதையோரத்தில் அவனுக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் வரப்பை வெட்டி, புது வரப்புப் போட்டிருக்கிறார்கள். முதல் பயிர் விளைந்த நிலத்தில்! வெறும் கையோடு கப்பலில் வந்து இறங்கியவர்கள், பாதிப் பேர் வீட்டில் இரண்டு வேளைதான் அடுப்பெரிந்தது. எனக்குக் கற்றுக்கொடுத்த சர்க்கார் கணக்கில் சமம் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு. அவர்கள் கணக்கில் தண்ணீருக்கு யாரால் நடக்க முடியாது என்ற கேள்விதான் முதலில் வந்தது. இதைவிட நல்ல திட்டத்தை எந்த ஆபீஸிலும் நான் பார்த்ததில்லை.

இன்று இப்படி மெச்சி எழுதுகிறேன். அன்று என்ன செய்தேன் தெரியுமா? கிணற்றடியில் நின்று கத்தினேன். சர்வே முளையை நகர்த்துவது குற்றம், பெரிய அதிகாரி அடுத்த வாரம் படகில் வருகிறார், கண்டுபிடித்தால் பன்னிரண்டு பேருடைய ஒதுக்கீடும் ரத்தாகும், எல்லோரும் நடுத்தெருவில் நிற்பீர்கள் என்றேன். பயத்தில்தான் கத்தினேன். அவர்களுக்காகவும் பயம், என் வேலைக்காகவும் பயம், எது அதிகம் என்று இப்போது கிண்டிப் பார்க்க விருப்பமில்லை. சவரியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"நாங்க யாரு நெலத்தையும் எடுக்கல சார். எங்க நெலத்த நாங்க குடுத்தோம். இதுல என்ன தப்புங்கிய?"

"நிலம் உங்களோடது இல்லம்மா. இன்னும் காகிதம் குடுக்கல. சர்க்கார் நிலம்" என்றேன்.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. சர்க்கார் நெலத்துல, சர்க்கார் மரம் விழுந்து கால் போனவன் இருக்கான். ஒங்களுக்கு என்ன வருத்தம்?"

பதில் வராவிட்டால் சட்டத்தைப் பேசுவது என் வழக்கம். "அதிகாரி வர்றதுக்குள்ள முளையெல்லாம் பழைய இடத்துக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "பூல்மணி வீடா? பாகற்காய் நல்லா காச்சிருக்கே" என்றாள். அவளுக்குத் தெரியும்! அவள் மட்டுமா, உனக்கும் தெரியும். எட்டு வயதில் நீ அந்தக் குடிசையில் சோளம் சுட்டுத் தின்றிருக்கிறாய். ரங்கத் பஜார் முழுக்கத் தெரிந்த விஷயம் அளந்து கொடுத்தவனுக்கு மட்டும் தெரியவில்லை. "ஏண்டி என்கிட்ட சொல்லல?" என்றேன். "சொன்னா நீங்க முடியாதுன்னு சொல்லியாகணும். நல்ல மனுஷன ஏன் அப்படிச் சொல்ல வைக்கணும்னு சவரியம்மாதான் வேண்டாம்னா" என்றாள். அந்த வார்த்தை எனக்கு அன்று புகழ்ச்சியாகக் கேட்டது.

சொன்னபடியே முளையெல்லாம் பழைய இடத்துக்குப் போனது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அந்த முளைக்குச்சிகளைச் சீவிக் கொடுத்தவனே புத்துதான் என்று பிறகு தெரிந்தது. பூல்மணி கூரை ஓலையைப் பிரிக்க ஏணி வைத்துவிட்டாள். ஹரிபதோ ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ருக் ஜாவ், பேட்டி" என்றார். பொறு மகளே என்று. அவர்கள் ஏதோ பேசி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் அல்லவா.

அந்த வாரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். வரைபடமும் நிலமும் பொருந்தாமல் இருந்ததை என் கை தாங்கவில்லை. முளையெல்லாம் பழைய இடத்துக்குப் போவதற்கு முன் நிலம் இருந்தபடியே, குடிசை, பாகல் பந்தல் உட்பட, பென்சிலால் இன்னொரு படம் வரைந்து வைத்தேன். இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. அளக்கிறவனின் அரிப்பு அது.

அதிகாரி வந்தார். அதே படாக் நிழல், அதே மேஜை. பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு என்னிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "கோயி அவுர் பாக்கி ஹை?" வேறு யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா? பூல்மணி இருபது அடி தூரத்தில், பெண்களோடு பெண்ணாக நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "யாரும் இல்லை சார்" என்றேன்.

இதுதான் நான் உனக்குச் சொல்லாத பாதி.

அதிகாரி அந்தோணியைக் கூப்பிட்டார். கட்டைவிரல் வைக்க மைப்பெட்டியை நகர்த்தினார். அந்தோணி கையைக் கட்டிக்கொண்டு, அவனுக்குத் தெரிந்த உடைந்த இந்தியில், "சாப், எனக்கு நெலம் ஜாஸ்தியா இருக்கு. ஏழு கண்ணி கொறச்சு எழுதுங்க" என்றான். அதிகாரி அவனுக்கு மூளை பிசகிவிட்டதோ என்று பார்த்தார். இரண்டாவதாக வந்தவர், அந்த மலையாளி, அதையே சொன்னார். மூன்றாவது, நான்காவது. ஏழு கண்ணி குறைத்து எழுதுங்கள். ஐந்தாவது ஆள் வந்தபோது அதிகாரி பேனாவை மூடிவிட்டார். நிலம் கூடக் கேட்டு அழுதவர்களை அவர் பார்த்திருப்பார், காலில் விழுந்தவர்களைப் பார்த்திருப்பார். எனக்குக் குறைத்துக் கொடு என்று வரிசையில் நிற்பவர்களை எங்கே பார்த்திருக்கப் போகிறார்? ஆனாலும் வரிசை நிற்கவில்லை, பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள்; ஹரிபதோ முறை வந்ததும் அவர் மட்டும் காரணம் சொன்னார். "ஹம்கோ பீ கிஸீ நே ஜகா தியா, சாப்" என்றார். எங்களுக்கும் யாரோ நகர்ந்து உட்கார்ந்துதான் இடம் கொடுத்தார்கள், ஐயா. அவர் குரல் கொஞ்சம் உடைந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பி அதே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டார். இப்போது நிதானமாக. "கோயி அவுர் பாக்கி ஹை?" உன் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அப்போதுதான், செல்வி, முதல் தடவை அல்ல, இரண்டாம் தடவைதான், அதுவும் பன்னிரண்டு பேர் எனக்கு முன்னால் பேசிய பிறகுதான், நான் பென்சில் படத்தை எடுத்து விரித்தேன். "எது சரி?" என்று கேட்டார். "மசியில் இருப்பது உத்தரவுப்படி, சார். பென்சிலில் இருப்பதுதான் நிலம்" என்றேன். அவர் கோபப்படவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. இரண்டு படத்தையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு தகவலும் இல்லை. பன்னிரண்டு குடும்பத்துக்கும் காகிதம் நின்றுபோனது. ஒருவராவது பூல்மணியைச் சாடை பேசியதாக நான் கேள்விப்படவில்லை. அவள் பாட்டுக்கு வெண்டை விதை போட்டாள். இடம் கையில் நிற்குமா என்று தெரியாமலே புத்து அதற்கு வேலி கட்டினான். மழை விட்டு முதல் படகில் உத்தரவு வந்தது, பன்னிரண்டு மனையும் பென்சில் படத்தின்படியே. பட்டியலின் கடைசியில் 'இதரர்' என்று ஒரு தலைப்புப் போட்டு, அதன் கீழே ஒரே ஒரு பெயர். புத்துவின் பெயர்கூட இல்லை, பூல்மணியின் பெயர். அதை வாங்கிக்கொள்ள அவள் மேஜைக்கு வரவில்லை. சவரியம்மாதான் வந்து வாங்கிப் போனாள். ஏன் அவள் வரவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. சந்தோஷத்தில் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று கிராமங்களுக்கு நான் பட்டியல் எடுத்தேன். ஒவ்வொரு இடத்திலும் மேஜை போட்டேன், முக்காலி போட்டேன், தண்ணீர் வைத்தேன். 'இதரர்' தலைப்பையும் மறக்காமல் எழுதி வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். மூன்று கிராமத்திலும் அந்தத் தலைப்பின் கீழ் ஒருவரும் வரவில்லை. ஒரு கண்ணி பிசகாமல் அளவு சரியாக வந்தது. பூல்மணி மாதிரி ஆட்கள் இங்கே இல்லை, நல்ல காலம் என்று பட்டியலின் அடியில் கோடு போட்டு முடித்தேன். இதை வைத்துத்தான் உன்னிடம் பெருமை பேசியிருக்கிறேன். உன் அப்பன் எடுத்த பட்டியலில் ஒரு ஆள் விடுபட்டதில்லை என்று.

இப்போது ஜெட்டிக்கு வருகிறேன். உன்னை வழியனுப்ப பூல்மணியும் வந்திருந்தாளே, உன் பையில் பிரம்புக் கூடை ஒன்றைத் திணித்தாளே. படகு வளைவு திரும்பி மறைந்ததும் அவள் என்னிடம் கேட்டாள். "உஸ்கோ பதாயா, பாபு?" அவளிடம் சொன்னீர்களா என்று. எதைச் சொல்ல வேண்டும் என்றேன். அவளுடைய இந்தி உனக்குத் தெரியும், மெதுவாகத்தான் பேசுவாள். அதைத் தமிழில் எழுதுகிறேன். அவள் அன்று என் மேஜையிலிருந்து திரும்பிப் போனதும் கூலிக்காரர்களின் குடியிருப்பில் எல்லோரும் கேட்டார்களாம், பாபு என்ன சொன்னார் என்று. திட்டினாரா? இல்லை. அடித்தாரா? இல்லை. உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், பெயர் இல்லை என்றார். அது காட்டுக்குக் காடு, கூலிக் கூட்டத்துக்குக் கூலிக் கூட்டம் பரவியிருக்கிறது. திட்டுகிற பாபுவிடம் இன்னொரு தடவை போய்ப் பார்க்கலாம், கோபம் தணிந்தால் எழுதிவிடுவார். மரியாதையாக இல்லை என்கிற பாபுவிடம் போய்ப் பிரயோஜனமே இல்லை, அவர் யோசித்துத்தான் சொல்கிறார் என்று பேசிக்கொண்டார்களாம். அந்த மூன்று கிராமத்துக்குப் பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்களாம். குஷ்டம் ஆறி விரல் போன ஒருவர், புருஷன் மெயின்லேண்டுக்குப் போய்த் திரும்பாத ஒருத்தி, பேச்சு வராத பையனோடு ஒரு கிழவி. தூரத்தில் நின்று என் மேஜையைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். எத்தனை வருடம் கழித்து இதைச் சொல்கிறாள்! ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். "ஆப் அச்சே ஆத்மி ஹை" என்றாள். நீங்கள் நல்லவர். சவரியம்மா அன்று சொன்ன அதே வார்த்தை.

ஜெட்டியிலிருந்து வீட்டுக்கு நான் எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை. அவர்களெல்லாம் இப்போது எங்கே என்று பூல்மணிக்கே தெரியாது. நாளைக்குக் கிளம்பி அவளோடு போய்த் தேடப் போகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை. உன் அம்மா என் குடையைத் தைத்து வைத்திருக்கிறாள்.

உனக்குக் கொடுத்திருக்கும் படிவத்தைப் பார்த்தேன். என் காலத்ததைவிட எவ்வளவோ மேல். விதவைக்கு ஒரு கட்டம், ஊனமுற்றவருக்கு ஒரு கட்டம், வயதானவருக்கு ஒரு கட்டம். அதை எழுதியவர்கள் நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு கட்டத்துக்கு நடுவில் இருக்கிற கோட்டின் மேலும் ஆட்கள் இருப்பார்கள் கண்ணு. அவர்கள் தாங்களாக வர மாட்டார்கள். நீ முகம் சுளிக்கிறவள் இல்லை, என்னைப் போல, என்னைவிட அதிகமாகவே, எல்லோரிடமும் பணிவாகப் பேசுகிறவள். ஊரே உன்னை அதற்காகப் புகழ்கிறது, நானும்தான். அதனால்தான் உனக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு. இதோ. அந்தத் தீவில் இறங்கியதும் மேஜை போடாதே. முதல் நாள் முழுக்கப் பட்டியலைப் பிரிக்காமல் நட. தண்ணீர் எடுக்கிற இடத்துக்குப் போ, கூலிக்காரர்கள் தங்கியிருக்கிற கொட்டகைக்குப் போ, அவர்கள் வீட்டு வாசலில் நீ போய் உட்கார், அவர்கள் கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடி. ஒருவேளை அங்கே யாராவது, ரங்கத்திலிருந்து வந்த ஒரு பாபு, முக்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்து இல்லையென்று சொல்வாரே, அவர் மகளா நீ என்று கேட்டால், ஆமாம் என்று சொல். அவர்தான் என்னை அனுப்பினார் என்றும் சொல்.

உன் பதிலுக்காக இங்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அப்பா